வளைவில் நின்ற அத்தை

என் அத்தை பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒருநாளும் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதில்லை. அதனால் அவர் பெயரே ‘முப்பது’ என்றாகிவிட்டது. சைக்கிளில் போகிறவர்கள்கூட அவரை முந்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பல நாடுகள் சுற்றிவிட்டு நான் வந்தபோது தெரிந்தவர்கள் எல்லாரும் மாறியிருந்தார்கள். அத்தை மாறியிருக்க மாட்டார் என்று நம்பி அவர் வீட்டில் தங்கினேன்.

ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் ரிமோட்டில் ஓடும் ஒரு குட்டிக் கார் வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

“யாரோடது அத்தை?”

“என்னோடதுதான். இன்னிக்கு ரேஸ் இருக்கு. சீக்கிரம் குளிச்சிட்டு வா.”



வேனில் முப்பதில் ஊர்ந்தபடியே கதையைச் சொன்னார். ஆசை தீர்ந்துபோன யாரோ ஒருவரிடம் வாங்கிய பழைய கார். ரிமோட்டில் விரிசல், டேப் சுற்றியிருக்கிறார். பேட்டரி ஒன்றே ஒன்று. மேலே மாட்டும் பிளாஸ்டிக் கூடு மட்டும் புதிது. கண்ணாடி போல இருக்கும் அந்தக் கூட்டுக்கு உள்பக்கமாகப் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம். அத்தை வெளிப்பக்கம் அடித்துவிட்டார். முதல் மோதலிலேயே உதிர ஆரம்பித்துவிட்டது.

“சொறிநாய் மாதிரி ஓடுச்சுடி. பாத்தவன் பூரா சிரிச்சான்.”

பந்தயம் ஒரு காலிக் கிடங்கில். தரையில் கம்பளம் விரித்து, ரப்பர் குழாய்களை வளைத்து வைத்துப் பாதை அமைத்திருந்தார்கள். ஓட்டுபவர்கள் ஒரு மேடையில் வரிசையாக நின்றார்கள். விசில் ஊதியதும் அத்தையின் கார் சீறிப் பாய்ந்தது. ஒரே வளைவில் உள்பக்கமாக நுழைந்து இரண்டு கார்களை முந்தியது. நான் காரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

குழு குழுவாக ஓட்டி, எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து எல்லாரையும் ஒரே பலகையில் வரிசைப்படுத்தினார்கள். அத்தையின் ஓட்டம் முடிந்ததும் பலகையில் அவர் பத்தாவது இடம். முதல் பத்து பேருக்குத்தான் இறுதிப் போட்டி. இந்த ஆண்டு முழுக்க அத்தை ஒருமுறைகூட அதற்குள் போனதில்லை. இன்னும் ஒரே ஒரு குழுதான் ஓட வேண்டும். அதில் அத்தையை முந்தக்கூடியவர் ஒருவர்தான்: ‘ரப்பர்’ என்று எல்லாரும் கூப்பிடும் டயர் கடைக்காரர்.

“என்ன முப்பது, அந்த எடத்தத் தொடச்சு வைங்க. வந்து உக்காந்துக்கிறேன்.”

“மொதல்ல வண்டிய நாலு சக்கரத்துல நிக்க வைங்க. அப்புறம் நீங்க உக்காரலாம்.”

அங்கே ஒரு வழக்கம். ஓடி முடித்தவர்கள் அடுத்த ஓட்டத்தில் வளைவுகளில் போய் நிற்க வேண்டும். கவிழும் கார்களை நிமிர்த்திவிடுவது அவர்கள் பொறுப்பு. அத்தையும் ரிமோட்டை என்னிடம் தந்துவிட்டுப் போய் நின்றார்.

கடைசிச் சுற்றில் ரப்பரின் கார் குழாயில் இடித்து, எகிறி, அத்தையின் காலடியிலேயே தலைகுப்புற விழுந்தது.

நான் அத்தையைப் பார்த்தேன். வீட்டைப் பூட்டவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஆள். வழக்கம்போல நிதானமாகக் குனிந்தால் போதும், இடம் அவருக்குத்தான். யாரும் குறை சொல்ல முடியாது. முப்பதுதானே, அப்படித்தான் என்பார்கள்.

அத்தை பாய்ந்தார். அவர் அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததே இல்லை. கவிழ்ந்த சக்கரங்கள் சுற்றி ஓய்வதற்குள் கார் நிமிர்ந்து போய்விட்டது.

பலகை மாறியது. ரப்பர் பத்து, அத்தை பதினொன்று.

ரப்பர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கேலி எதுவும் இல்லாமல் அத்தைக்குக் கை கொடுத்தார்.

“கொஞ்சம் மெதுவா எடுத்திருக்கலாமே அத்தை,” என்றேன்.

“கவுந்து கெடந்தா கை சும்மா இருக்குமாடி? தெனமும் புள்ளைங்கள ஏத்திட்டுப் போறவ நான்.” காரைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். “வா, போலாம்.”

திரும்பும் வழியில் சாலையோர மரங்கள் ஏதோ அவசரமாகப் பின்னால் போவதுபோல இருந்தது. எட்டி, வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன்.

நாற்பது.

நான் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.