தெருவே இடது கையால் சாப்பிட்ட நாள்

1. வினிகர் வாடை

தகர டப்பாவின் மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. எங்கள் தொழிலில் அந்த வாடைக்கு ஒரே அர்த்தம்தான். பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது, மாதா மாதம் சுருங்கும், ஒருநாள் மெஷினில் ஏறவே ஏறாது.

நான் விமலா. ஒரு சினிமா லேபில் பிரிண்டிங் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவள். லேபை மூடிய பிறகு, கூட வேலை பார்த்த தேவராஜும் நானும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் ஸ்கேனர் போட்டிருக்கிறோம். பழைய பிலிமை கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதுதான் வேலை. வருவது பெரும்பாலும் கல்யாணப் படங்கள். மாப்பிள்ளை தாலி கட்டுவார், உறவுக்காரர்கள் எல்லோரும் அவரை விட்டுவிட்டு கேமராவைப் பார்ப்பார்கள். பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

இந்த டப்பாவை அனகாபுத்தூரிலிருந்து ஒயர் கூடையில் வைத்துத் தூக்கி வந்தவர் கஸ்தூரி அக்கா. எழுபது தாண்டியவர், தறி நெய்தவர். நெசவாளர் சங்கத்துப் பழைய பீரோவை ஒழித்தபோது கிடைத்ததாம்.

"எங்கப்பா சொல்லிகினே இருப்பாரு மேடம். ஜீப்புல ஆளுங்க வந்து எங்க தெருவ சினிமா புடிச்சிகினு போனாங்களாம். அதுல எங்கம்மாவும் கீதாம். நா எட்டு மாசப் புள்ளையா இருக்க சொல்ல அம்மா பூடுச்சி. ஒரு போட்டோ கூட கெடையாது. மூஞ்சி எப்டி இருக்கும்னே எனுக்குத் தெரியாது."

"அப்படின்னா படத்துல எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

"எங்கம்மா பீச்சாங்கை மேடம். ராட்டை சுத்துறது கூட அந்தக் கைலதானாம். தெருவுலயே அது ஒண்ணுதான் அப்டின்னு அப்பா சொல்லுவாரு."

தறிக்குப் போகும் நூலைச் சின்னக் குழலில் சுற்றுவதற்கு ராட்டை. எல்லோருக்கும் வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கை நூலைப் பிடிக்கும். மாற்றிச் சுற்றும் ஒரு பெண்ணைத் தேட வேண்டும், அவ்வளவுதானே. எனக்கு அப்போதே கை பரபரத்தது.

2. கிடைத்துவிட்டார்

இரண்டு நாள் பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தோம். கிழிந்த ஓட்டைகளுக்கு டேப் ஒட்டினோம். மெஷினில் மாட்டும்போது தேவராஜ் சொன்னார்.

"இது ஒரிஜினலா, பிரிண்டான்னு பாத்துட்டு மாட்டு விமலா."

"நீ லேப் வாசலை மிதிக்கிறதுக்கு முன்னாடியே பிலிமைத் தொட்டவ நான். ஒரிஜினல்தான்யா. பேசாம ஸ்விட்சைப் போடு."

என் வாய் அப்படி. லேபில் மேனேஜரே என்னிடம் பார்த்துத்தான் பேசுவார்.

படம் ஓட ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளை, சத்தம் கிடையாது. தெரு நீளத்துக்குப் பாவு நூல் நீட்டியிருக்கிறார்கள். சட்டை போடாத ஆண்கள் இரண்டு பக்கமும் நடந்து கஞ்சி தடவுகிறார்கள். ஆற்றங்கரையில் சாயம் போட்ட நூல் காய்கிறது. ஒரு நாய் கேமராவை முறைத்துவிட்டுப் போகிறது. தினமும் பஸ்ஸில் நான் தூங்கிக்கொண்டே கடந்த ஊர் இது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அடுத்த ஷாட்டில் ஒரு இளம்பெண், குளோசப்பில். சேலைத் தலைப்பை இரண்டு தோளையும் மூடி இழுத்து இடுப்பில் செருகியிருக்கிறார். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ராட்டை சுற்றுகிறார். இடது கையால்.

அடுத்த நிமிஷம் போனை எடுத்துவிட்டேன். "அக்கா, அம்மா கெடச்சிட்டாங்க. உடனே கிளம்பி வாங்க."

"முழுசாப் பாத்துட்டுக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார் தேவராஜ்.

"உனக்கு எல்லாத்துலயும் ஒரு முட்டுக்கட்டை."

மீதி ஸ்கேன் ஆகும்போது, மெஷினில் பிலிம் சிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். படத்தைப் பார்க்கவில்லை. மனசு முழுக்க அந்தச் சிரிப்பிலேயே இருந்தது.

கஸ்தூரி அக்கா ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்த ஷாட்டை ஓட்டினேன். அவர் விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டார்.

"இன்னா அழகு மேடம் எங்கம்மா. மூக்கு எனுக்கு அப்டியே வந்துகீது பாரு."

"ஆமாக்கா, தாடையும் உங்களுதுதான்" என்றேன். நானாகச் சேர்த்துச் சொன்னது அது.

பத்துத் தடவையாவது ஓட்டியிருப்பேன். அவர் எழுந்து திரைக்கு முத்தம் கொடுத்தார். நானும் அழுதுவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை என் வேலை எனக்குக் கொடுத்ததில்லை. தேவராஜ் கீழே போய் டீ வாங்கி வந்தார்.

3. பந்தி

மீதிப் படத்தையும் பார்க்கட்டுமே என்று ஓட விட்டேன். கோயில் வாசல், ஏதோ விசேஷம், தரையில் பந்தி. வரிசையாக இலை போட்டு ஆண்கள் சாப்பிடுகிறார்கள். அக்கா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது? தெருவே பீச்சாங்கைல துன்னுது?"

படத்தை நிறுத்தினேன்.

பிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு, ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். கேமராவில் ஓடிய ஒரிஜினல் என்றால் ஒரு பக்கம் பார்த்து மாட்ட வேண்டும், அதிலிருந்து எடுத்த பிரிண்ட் என்றால் மறுபக்கம். மாற்றி மாட்டினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகிவிடும். வழக்கமாக ஒரு கடைப் பலகை, ஒரு சுவரெழுத்து வந்து காட்டிக்கொடுக்கும். இந்தப் படத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. சட்டைப் பித்தானை வைத்துக் கண்டுபிடிக்கலாம், யாரும் சட்டை போடவில்லை. சேலைத் தலைப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம், எல்லாம் இரண்டு தோளையும் மூடி இடுப்பில் செருகல். இது பிரிண்ட். பிலிமின் ஓரத்து அடையாளங்களைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் பார்க்காமல் ஒரிஜினல் என்று மாட்டிவிட்டேன்.

அப்படியென்றால் அந்தச் சிரித்த பெண் வலது கைக்காரி. யாரோ ஒரு பெண்.

தேவராஜ் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். வெளியே சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அதை மறைக்கவில்லை. அக்காவுக்குத் தெரியப்போவதில்லை, இனி ஆயுசுக்கும் சந்தோஷமாக இருப்பார். ஆனால் அவரைப் பெற்ற தாய் அந்தப் படத்திலேயே வேறெங்கோ உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் முகத்தை எப்படிக் கொடுத்து அனுப்புவது?

சொன்னேன். ஒரு பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் படத்தைத் திருப்பிவிடும். திருப்பினேன். பந்தி வலது கையால் சாப்பிட்டது. அந்தப் பெண் வலது கையால் ராட்டை சுற்றினார்.

"அப்ப நா முத்தம் குடுத்தது யாருக்கு மேடம்?"

"தெரியலக்கா. தப்பு என்னுது. முழுசா என்னுதுதான்."

அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "சரி, தேடு" என்றார்.

இந்தத் தடவை மூன்று பேரும் கையை மட்டும் பார்த்தோம். குளோசப்புக்கு அடுத்து, முதல் தடவை நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு தூரத்து ஷாட். தெரு ஓரமாக ஆறு பெண்கள் வரிசையில் ராட்டை சுற்றுகிறார்கள். ஐந்து பேர் வலது கை. கடைசியில், ஒரு வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் இடது கை.

"இதோ" என்று தேவராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே அன்றுதான்.

மொத்தம் நாலு செகண்ட். முகத்தைப் பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாக உடைந்தது. இன்னும் பெரிதாக்கினேன், கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். கான்ட்ராஸ்டைக் கூட்டினேன், குறைத்தேன், எதற்கும் மசியவில்லை. இவ்வளவு கிட்டே வந்தும் முகம் இல்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"கொஞ்சம் சின்னதாக்கு மேடம்" என்றார் அக்கா. "பின்னால தொங்குது பாரு, இன்னா அது?"

வாசல் உத்தரத்தில் ஒரு தூளி. அதிலிருந்து ஒரு கயிறு இறங்கி, அந்தப் பெண்ணின் கால் கட்டைவிரலில் கட்டியிருந்தது. கை ராட்டை சுற்றுகிறது, கால் தூளி ஆட்டுகிறது.

"எங்கம்மாவுக்கு நா ஒருத்திதான்" என்றார் அக்கா மெதுவாக. "அப்ப உள்ள கீறது நாந்தான்."

நான் மறுபடியும் முகத்தைப் பெரிதாக்கப் போனேன்.

"மூஞ்சி வுடு மேடம். அந்தக் காலு ஆடுது பாரு, அத இன்னொரு தபா ஓட்டு."

எத்தனை தபா ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

4. கற்றுக்கொண்டது

இப்போது எந்தப் பிலிம் வந்தாலும் முதலில் எதைப் பார்க்கிறேன் தெரியுமா? யார் சாப்பிடுகிறார்கள், எந்தக் கையால் என்று. கடைசி அடிவரை பார்க்காமல் யாருக்கும் போன் போடுவதில்லை. தேவராஜ் ஏதாவது சொன்னால் கேட்கிறேன், அதாவது பாதி. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அனுபவம் நல்லது, ஆனால் மாட்டுவதற்கு முன் ஓரத்தைப் பார்த்துவிடுங்கள்.

அன்று கிளம்பும்போது கஸ்தூரி அக்கா இரண்டு போட்டோ பிரிண்ட் கேட்டார். ஒன்று தூளியோடு அவர் அம்மா. இன்னொன்று அந்தச் சிரித்த பெண்.

"இவங்க எதுக்குக்கா?"

"ஒரு மணி நேரம் எனுக்கு அம்மாவா இருந்துகீறாங்க, அப்டியே உட்டுட்டுப் போவ முடியுமா?" என்றார், படத்தைக் கூடையில் பத்திரமாக வைத்துக்கொண்டே. "இவுங்களுக்கும் ஒரு புள்ள இருக்கும். அதுவும் இந்த மூஞ்சியத் தேடிகினு இருக்கும். வூடு வூடா போயி கேக்குறேன்."