எங்கள் ஒழுங்கைப் பேயின் இரண்டாம் வருகை

பேய்களில் நல்ல பேய், கெட்ட பேய் என்று இரண்டு சாதி உண்டு என்பது பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கெட்ட பேய்கள் எல்லா ஊர்களிலும் போல எங்கள் ஊரிலும் புளியமரத்தில் இருந்தன. நல்ல பேய் மாமா வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்தது.

மாமா அம்மாவின் தமையன். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்து முழுவதிலும், தொலைக்காட்சியும் அதற்குப் பொருத்த ஒரு வீடியோ டெக்கும் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். சண்டைக் காலம், பொழுதுபட்டால் ஒருவரும் படலை தாண்டுவதில்லை. ஆகவே நாங்கள் பேய் பார்க்கும் நேரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஆகியிருந்தது. சென்னையில் ஒளிபரப்பாகும் தொடரை யாரோ புண்ணியவான் கசெட்டில் பதிந்து கொழும்புக்கு அனுப்புவான். அது அங்கிருந்து பஸ் ஏறி, சாவடிக்குச் சாவடி இறங்கித் தன்னைச் சோதிக்கக் கொடுத்து, ஒருவழியாக எங்கள் ஊர்க் கசெட் கடைக்கு வந்து சேரும். பட்டப்பகலில் வேர்க்க வேர்க்க இருந்து பேய்ப்படம் பார்த்தவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். யன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்குவது என்னுடைய உத்தியோகம்.

பயமுறுத்துவதற்கு வெளியாரின் உதவியும் இருந்தது. சுழியோடிகள் வராமலிருக்கத் துறைமுகத் தண்ணீருக்குள் கடற்படை இடைக்கிடை வெடி போடும். நிலம் ஒருமுறை உறுமும், அலுமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடும். அந்தச் சத்தமும் பேய் வரும் நேரமும் ஒன்றாகப் பொருந்திவிட்டால் அன்றைக்கு ஒழுங்கைக்கே பெருநாள்.

கதை சின்னக் கதைதான். ஆற்றங்கரையில் ஒரு வீடு. புதிதாகக் கலியாணம் முடித்த ஒருவன் தோணியில் போய் வெள்ளத்தில் அள்ளுண்டு விடுகிறான். ஆனால் பொழுதுபட்டால் வீட்டுக்கு வருவான். விறகு கொத்துவான், தண்ணீர் அள்ளி வைப்பான், அவிழ்ந்து போன மாட்டைப் பிடித்துக் கட்டுவான். பெண்சாதியின் கண்ணுக்கு மட்டும் தெரியமாட்டான். ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் அந்தப் பேயில் உயிராக இருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு எங்கள் முன்வீட்டுக்கு வந்த ராத்தா வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"உசிரோட இருக்கிற எண்ட மனுசன் ஒரு வாளி தண்ணி அள்ளித் தந்ததில்ல புள்ள. மௌத்தானவன் பாரு, தொட்டியையே நிரப்புறான்."

ராத்தாவையும் மிஞ்சி அந்தப் பேயை நேசித்தவர் சின்னம்மா. அம்மாவின் தங்கை, அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் தட்டெழுத்து வேலை, எங்களோடு இருந்தார். சித்தப்பா மூதூரில் படிப்பித்தவர். ஒரு திங்கட்கிழமை காலை வழக்கம்போல லோஞ்ச் படகு ஏறிப் போனவர், திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. சின்னம்மா பொட்டை அழிக்கவில்லை. எங்கள் வீட்டில் சித்தப்பாவைப் பற்றி 'இருந்தார்' என்று யாரும் கதைப்பதும் இல்லை. அவர் தூரத்தில் இருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த தூரம் புல்மோட்டை. ஆகவே அவர் புல்மோட்டையில் இருப்பதாக நானே முடிவு செய்திருந்தேன்.

தொடரின் முதல் பாகம் முடியும் தறுவாயில் சண்டையால் கொழும்புப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். கடைசிக் கசெட் வரவில்லை. பேய்க்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஒழுங்கையே தவித்தது. கப்பலில் இடம் கிடைத்து, சித்தப்பா விஷயமாகக் கந்தோர்களில் விசாரிக்கவென்று சின்னம்மா மாமாவையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனது அந்த நாட்களில்தான்.

அவர்கள் திரும்பி வந்த அன்று முற்றம் நிறைய ஆட்கள். சின்னம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு சித்தப்பாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ராத்தாதான், ஏதாவது கேட்டுவைக்க வேண்டுமே என்று கேட்டார்.

"கொழும்புல அந்தக் கடைசிக் கசெட்டப் பாத்தியா புள்ள?"

சின்னம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"ஓம் ராத்தா. பார்த்தனான்."

பிறகு கதிரையில் இருந்து சொல்லத் தொடங்கினார். அந்த மனிதன் சாகவேயில்லையாம். ஆறு அவனைக் கடலுக்குக் கொண்டுபோய், கடல் வேறொரு கரையில் ஒதுக்கி விட்டதாம். அங்கே யாரோ ஒரு குடிசையில் நினைவில்லாமல் கிடந்தானாம். உடம்பு அங்கே கிடக்க, உயிர் மட்டும் பொழுதுபடக் கிளம்பி வீட்டு வேலைகளைச் செய்துவிட்டுப் போனதாம். ஒருநாள் கண் விழித்து, நடந்தே வந்து சேர்ந்தானாம். அவள் ஒன்றும் கேட்கவில்லையாம். கால் கழுவத் தண்ணீர் வைத்து, சோறு போட்டாளாம். சொல்லச் சொல்ல சின்னம்மாவின் முகம் தெளிந்துகொண்டு வந்தது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ராத்தா அடுத்த நாளே வட்டிலப்பம் செய்து வீடு வீடாகக் கொடுத்தார். பேய் பிழைத்ததற்கு வட்டிலப்பம் சாப்பிட்டவர்களும் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

மாமாவிடமும் ஆட்கள் கேட்டார்கள். தான் பார்த்ததாக அவர் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. இழுவைப் படகு ஓட்டுகிறவர்கள் பொதுவாகக் குறைவாகக் கதைப்பார்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது பேய் திரும்பி வந்தது. 'அந்தத் தொடரின் ரெண்டாம் பாகம் வந்திட்டுது' என்று கசெட் கடைக்காரர் சொல்லி அனுப்ப, அன்றைக்கு ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் கறி ஒழுங்காக வேகவில்லை. பின்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் ஐயா, இரயில் வந்தால் அதிசயம் என்ற ஊரில் காலமெல்லாம் நேரம் பார்த்துப் பழகியவர், சனிக்கிழமையே வந்து ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டுப் போனார்.

சின்னம்மாவுக்கு மட்டும் தலையிடி. "ரெண்டாம் பாகம் எண்டு வாறதெல்லாம் உருப்படாது. நாங்கள் கோணேசர் கோயிலுக்குப் போவம்" என்று என்னைக் கூப்பிட்டார். பேயைப் பார்க்கக் கிடைக்கும்போது கடவுளை யார் பார்ப்பது? நான் மாட்டேன் என்றேன். ஞாயிறு காலை டெக்கின் வயரைக் காணவில்லை. மாமா வீடு அல்லோலகல்லோலப்பட்டது. நான் துப்பறிந்து, எங்கள் குசினியில் அரிசி வாளிக்குள் அதைக் கண்டெடுத்து, வெற்றி வீராங்கனையாக ஓடிப் போய்க் கொடுத்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் பாராட்டு எதுவும் தெரியவில்லை. பெரியவர்களுக்கு நன்றி கிடையாது.

மத்தியானம் ஹோல் நிறைந்துவிட்டது. சின்னம்மாவும் வந்து வாசலோரத்தில், எழும்பிப் போகத் தோதாக இருந்தார். பழைய பாட்டு தொடங்கியதும் எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு. அதே ஆறு, அதே வீடு.

"கிணத்துக்குக் கட்டுக் கட்டிப் போட்டாங்கள்."

"பெட்டை நல்லா மெலிஞ்சு போனாள், என்ன?"

"மாடு அந்த மாடில்லை. அதுக்குக் கொம்பு சின்னன்."

இப்படி வரவேற்புகள் நடந்துகொண்டிருக்கையில் படம் வீட்டுக்குள் போனது. சுவரில் ஒரு போட்டோ. நம்முடைய பேய்தான், அதே சிரிப்பு. போட்டோவுக்கு மாலை. முன்னால் ஒரு விளக்கு எரிந்தது.

சின்னம்மா சீலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். விரல் வெளுத்துவிட்டது. எனக்குப் பொய் என்றால் ஆகாது. பிறர் சொல்லும் பொய் சுத்தமாக ஆகாது. எழும்பி நின்று கத்தினேன்.

"அவன் செத்துத்தான் போனான்! சின்னம்மா சொன்னது பிழை!"

அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு கிழமைக்குக் கன்றியிருந்தது. கிள்ளு முடியும் முன்பே ராத்தாவின் குரல் கேட்டது.

"யார்ட போட்டோ அது? அவன்ட வாப்பாவா?"

ஸ்டேசன் மாஸ்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். உத்தியோக தோரணையில் நிமிர்ந்தார்.

"ஓம். தேப்பன்தான். மூக்கைப் பாருங்கோ."

"தேப்பனை உரிச்சு வைச்சிருக்கிறான்" என்றார் மாமா. அவர் அன்றைக்குக் கதைத்த முதல் கதை அது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அது அவன்ர சட்டை! தோணியில போகேக்கை போட்டிருந்த கோடு வைச்ச சட்டை!"

"தேப்பன்ர சட்டையை மகன் போடுறதில்லையோ?" என்றார் அம்மா.

படத்தில் பெண்சாதி வெள்ளைச் சீலையில் வந்தாள். நான் வாய் திறப்பதற்குள், அந்தப் பக்கத்து வெயிலுக்கு வெள்ளைதான் தோது என்று ராத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டார். சரி, இதற்கு என்ன சொல்லப் போகிறார்கள் பார்ப்போம் என்று நான் காத்திருந்த கணமும் வந்தது. பேய் வந்தது. கதவைத் திறக்காமல், சுவருக்குள்ளால் நடந்து வந்தது.

"உயிரோட இருக்கிறவன் என்னெண்டு சுவருக்குள்ளால வருவான்?" என்று கேட்டேன்.

மாமா கூரையைப் பார்த்தார். ஸ்டேசன் மாஸ்டர் ஐயா மட்டும் அசையாமல் சொன்னார்.

"அது பழக்கதோஷம் பிள்ளை. எத்தினை வருசமா அப்பிடி வந்து பழகினவன்."

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் வெடி விழுந்து அலுமாரி குலுங்கியது. முதலில் சிரித்தது சின்னம்மா. வாயைப் பொத்திப் பார்த்து, முடியாமல், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு ராத்தா, பிறகு ஹோல் முழுக்க. ஒருவர் நிறுத்த இன்னொருவர் 'பழக்கதோஷம்' என்பார், மறுபடியும் தொடங்கும். சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலோரத்திலிருந்து எழும்பி வந்து நடுவில் ராத்தாவுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தார்.

"கதவைத் திறந்தா மாடு வெருளும். அதுதான் இப்பிடி வாறான்" என்று தானும் ஒரு நியாயம் சேர்த்தார்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் போன்ற சந்தோஷமான நாட்கள் என் சின்ன வயதில் அதிகம் இல்லை. படத்தில் ஒரு கதை ஓடும். ஹோலில் ஒரு கதை ஓடும். அங்கே திவசம் கொடுத்தால், இங்கே அது தகப்பனுக்கு. அங்கே அவள் தனியே அழுதால், இங்கே வெங்காயம் உரித்துவிட்டு வந்திருக்கிறாள். எடுத்தவர்களுக்குக் கதை தெரியாது, எங்களுக்குத்தான் தெரியும் என்பதில் ஒழுங்கை முழுவதும் ஒரே கட்சி. எதிர்க்கட்சி நான் ஒருத்திதான்.

எதிர்க்கட்சிக்கு ஆதாரம் தேவைப்பட்டது. ஒருநாள் கசெட்டைத் திருப்பிக் கொடுக்க மாமா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் வெளியே யாரோடோ கதைத்துக்கொண்டு நிற்க, நான் கடைக்காரரிடம் போய், முதல் பாகத்தின் கடைசிக் கசெட் எப்போதாவது வருமா என்று கேட்டேன். அதைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டி எல்லாருடைய வாயையும் அடைப்பதாகத் திட்டம்.

கடைக்காரர் ஆச்சரியத்தோடு பார்த்தார். "அது பாதை திறந்த கையோட வந்திட்டுதே பிள்ளை. முதல் முதல் உங்கட ஒழுங்கைக்குத்தான் போனது. நீங்கள் பள்ளிக்கூடத்தில, உங்கட சின்னம்மா கச்சேரியில. மாமா லீவு போட்டிட்டு வந்து கொண்டு போனவர். ராத்தா, ஸ்டேசன் மாஸ்டர், உங்கட அம்மா, எல்லாரும் இருந்து பாத்தவை."

"அப்ப அதைத் தாங்கோ."

"அது எங்க இருக்குது? உங்கட மாமா திருப்பித் தரேல்லை. கடலுக்குள்ள விழுந்திட்டுதாம்."

வீடு வரும் வழியெல்லாம் சைக்கிள் பாரில் இருந்துகொண்டு யோசித்தேன். இத்தனை பேரும் ஏற்கெனவே அதைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததை மறந்தும் விட்டார்கள். ஒருவர் மறக்கலாம், எல்லாருமா மறப்பார்கள்? வயது போனால் இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அவர்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. பாவம், மறதிக்காரர்களோடு என்ன வழக்கு!

அடுத்த ஞாயிறு அந்த மாலை போட்ட போட்டோ மறுபடியும் வந்தது. யாரும் கேட்காமலே நான் உரக்கச் சொன்னேன். "அது அவன்ர அப்பா. மூக்கைப் பார்த்தாலே தெரியுது."

கிள்ளிய கையாலேயே அம்மா என் தலையைத் தடவினார். ராத்தா, "எண்ட செல்லம்" என்று என் கன்னத்தை வழித்தார். மாமா எழும்பிப் போய், ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த யன்னல் போர்வையை இன்னொரு தரம் கட்டினார். சின்னம்மா என்னை இழுத்து, ஒன்பது வயதுக் கழுதையை, மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

"ஓம் என்ர குஞ்சு. அவன்ர அப்பாதான்."

சின்னம்மாவுக்கும் மறதி தொடங்கிவிட்டதே என்று எனக்கு அன்றைக்குப் பெரிய கவலையாக இருந்தது.