ஒரே ஒரு பெயர்

பர்மியத் துறைமுக நகரின் பசுந்தாங் பேட்டையில் எங்கள் மாதா கோயில் கால்பந்துக் குழுவுக்குப் பல வருடம் விளையாடியவன் நான். திருவிழாவுக்காகக் குழுவின் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதித் தரும்படி பங்குச்சாமி கேட்டபோது உடனே ஒத்துக்கொண்டேன்.

பழைய கதை எளிதாக வந்தது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கியது. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள த்வாண்டேக்குப் படகில் போய்ச் சேற்றில் ஆடித் தோற்றது. மண்பாண்டத்துக்குப் பேர்போன அந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு மண்சட்டி கொடுத்து அனுப்பியது. எல்லாவற்றையும் பெயர்களோடு எழுதினேன்.

கடைசி அணியில்தான் சிக்கல். ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்ததும், அதற்குத் தப்பி அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். நான் எழுதுவதைக் கேள்விப்பட்டு அணித்தலைவனின் அம்மா வீட்டுக்கு வந்தார். மகன் தாய்லாந்தில் இருக்கிறான்.

"எம்மவன் பேரும் படமும் வேணாம் அண்ணே. அந்தப் புத்தகம் யார் கைக்கெல்லாம் போகும்னு உங்களால சொல்ல முடியுமா?"

மற்ற வீடுகளுக்கும் போய்க் கேட்டேன். எல்லோரும் வேண்டாம் என்றார்கள், கோல்கீப்பரின் அம்மாவைத் தவிர. அவன் எல்லைப் பக்கம் போகிறேன் என்று கிளம்பி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஒரு தகவலும் இல்லை.

"அவன் பேரக் கட்டாயம் போடுங்க," என்றார் அவர். "யாராச்சும் பாத்துட்டு, அவன இங்க பாத்தேன்னு வந்து சொல்ல மாட்டாங்களா?"

பங்குச்சாமி தயங்கினார். நான்தான் வற்புறுத்தினேன். கடைசிப் பக்கத்தில் அணியைப் பற்றிப் பொதுவாக நாலு வரி. நடுவே அவன் பெயர் மட்டும்.

புத்தகம் வெளிவந்த அடுத்த வாரமே கோல்கீப்பரின் வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள், துக்கம் விசாரிக்க. மற்றவர்கள் பெயரை விட்டுவிட்டு இவன் பெயரை மட்டும் போட்டிருந்ததால், இறந்தவனுக்கு மரியாதை செய்திருப்பதாக நினைத்துவிட்டார்கள். அவன் ஆத்துமத்துக்காகப் பூசை வைக்கவும் ஒருவர் சொல்லிவிட்டார்.

இது காதில் விழுந்ததும் ஓடினேன். கோல்கீப்பரின் அம்மா அழவில்லை. உட்காரச் சொன்னார். தேநீர் வைத்தார். பிறகு கேட்டார்:

"அண்ணே, உங்களுக்கு முன்னாலயே எதுவும் தெரியுமா? தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

தெரியாது என்றேன். நீங்கள் கேட்டதால்தானே போட்டேன் என்றேன். மாதாமேல் ஆணையாகச் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பங்குச்சாமி பீடத்திலிருந்து விளக்கம் சொன்னார். அந்தப் பூசையையும் நிறுத்தினார். விசாரிக்க வருவதும் நின்றுபோயிற்று. மீதியிருந்த பிரதிகளை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மா எனக்கு முன்வரிசையில் வந்து உட்காருகிறார். பூசை முடிந்து எழும்போது, நான் இன்றைக்காவது சொல்லிவிடுவேன் என்பதுபோல் என் முகத்தையே பார்க்கிறார்.