மூன்று பீப் சத்தம்

மண்சரிவில் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்தின் வரிசை வீடுகள் புதைந்த பிறகு இருபத்திரண்டு குடும்பங்கள் எங்கள் பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தன. மீட்டெடுத்த பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் சேற்றில் ஊறிப்போயிருந்தன. அங்கே ஆசிரியையான நான், அவை உதிர்ந்துபோகும் முன்பு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வீட்டுக் கணினியில் சேர்த்தேன். வீடு கேட்கும் விண்ணப்பங்களோடு அவற்றை மறுநாள் காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும்.

படங்களை ஒன்றுசேர்க்கப் போனால் கணினி அப்படியே உறைந்து நின்றது. மெமரி போதவில்லை என்றார் ஹட்டனில் கணினிக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்றழைக்கும் முஸ்லிம் அண்ணன். அவரிடம் ராம் எனும் மெமரி அட்டை இன்னொன்று வாங்கிவந்து, பெட்டியைத் திறந்து, அவசரத்தில் நானே அழுத்திச் செருகினேன்.

சுவிட்சைப் போட்டதும் மூன்று பீப். திரையில் ஒன்றுமில்லை.

புதியதைக் கழற்றினேன். மூன்று பீப். பழையதன் தங்கப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன், அடுத்த குழிக்கு மாற்றினேன், போர்டிலிருந்த சின்னப் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் அதே மூன்று பீப். அசல்களில் பாதி அதற்குள் கூழாகியிருந்தன. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓர் அக்கா வீட்டுக்கு வந்தார். மண்சரிவில் கணவரை இழந்தவர்.

"டீச்சர், அவரு ஐடென்டில உள்ள படம் ஒண்ணுதாங்க மிச்சம். அத மட்டும் பெருசாப் போட்டுத் தருவீங்களா?"

"தர்றேங்க்கா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் போனதும் நானாவுக்கு அழைத்தேன். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"டீச்சர், அழாமக் கேளுங்க. ராம் போனா ஃபைல் போகாது. எல்லாம் ஹார்ட் டிஸ்க்லதான் இருக்கு. அதுல ரெண்டு வயர் இருக்கும், பிளக்கப் புடுங்கிட்டு அதக் கழட்டிக் கொண்டாங்க. நான் கடையிலயே இருக்கேன்."

நம்பிக்கை வரவில்லை. டிஸ்க்கைத் துவாயில் சுற்றி, கொட்டகலையில் மழையோடு ஹட்டன் பஸ் ஏறினேன். நின்றுகொண்டே போன அந்தப் பயணம் முழுவதும், இருபத்திரண்டு வீட்டாருக்கும் என்ன பதில் சொல்வதென்றே மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

நானா டிஸ்க்கைத் தன் கணினியில் மாட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டீச்சர், பாருங்க."

எல்லாம் இருந்தன. அந்த அக்காவின் கணவருடைய படத்தைத்தான் முதலில் பெரிதாக அச்சிடச் சொன்னேன்.

ராமை நான் கோணலாக அழுத்தியதில் போர்டே எரிந்துபோனது பிறகு தெரிந்தது. அந்தக் கணினி அதன்பின் எழவேயில்லை. விண்ணப்பங்களை மறுநாள் ஒன்பதரைக்கே கொடுத்துவிட்டோம். வாங்கிக்கொண்ட அதிகாரி சீல் குத்தி, "அறிவிப்போம்" என்றார். மண்டபத்தில் இன்னும் பதினேழு குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு நான் வெளி வராந்தாவில் பாடம் நடத்துகிறேன்.