பீர்க்கங்காய் என்று சொன்னால் வந்துவிடுவாள்

போன புதன்கிழமை மைசூர் தேவராஜ மார்க்கெட்டில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் என் மகளும் கைகோத்தபடி என்னை நோக்கி நடந்து வந்தார்கள்.

அந்தப் பெண் என் மகளைப் பிடித்திருக்கவில்லை. என் மகள்தான் அவர் கையைப் பிடித்திருந்தாள். இந்த வித்தியாசம் எனக்கு அந்த நிமிடத்தில் புரியவில்லை. புரிந்த பிறகு சரியாகத் தூங்கவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடினோமா என்று பார்க்கப் பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்கிற ரகம் நான். அப்படிப்பட்டவள், எட்டு வயது மதுராவை ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். பாராட்டியும் திட்டியும் எழுதியிருக்கிறீர்கள். திட்டியவர்கள் இந்த வாரம் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்... உங்களுக்கு இன்னும் நிறையத் தீனி இருக்கிறது.

இதை நான் தனியாகச் செய்யவில்லை. விஜயநகரில் எங்களைப் போல மூன்று வீடுகள், ஐந்து குழந்தைகள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் வகுப்பு. கணக்கு என் தலையில். அறிவியலும் கன்னடமும் பக்கத்துத் தெரு சவிதாவுக்கு. யார் வீட்டில் எப்போது என்ன பாடம், யார் கொண்டுபோய் விடுவது, யார் கூட்டி வருவது என்பதையெல்லாம் முதலில் மொபைல் குரூப்பில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். குட் மார்னிங் படங்களுக்கும் சாம்பார்ப் பொடி விசாரிப்புகளுக்கும் நடுவே டைம்டேபிள் காணாமல் போய்விடும்.

சவிதா ஐடி கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒரே சாயங்காலத்தில், இலவசமாகக் கிடைக்கிற ஒரு தளத்தில் எங்களுக்கென்று வெப்சைட் ஒன்றைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் எழுதலாம், திருத்தலாம், போட்டோ போடலாம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் மொபைலை நீட்டினேன்.

ஆரம்பத்தில் அது உறுப்பினர்கள் மட்டும் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் இலவசம் என்றால் இலவசத்துக்கு ஏற்ற மாதிரிதானே? சில பேருக்கு மேல் சேர்க்க முடியாது. தாத்தா பாட்டிகள் பார்க்க ஆசைப்பட்டார்கள். கும்பகோணத்தில் இருக்கும் என் மாமனார் பாஸ்வேர்டை மறந்துவிட்டு, நான் அடுப்படியில் இருக்கும்போது பார்த்துப் போன் செய்வார். ஒரு நாள் சவிதா செட்டிங்கை மாற்றினார் — யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

“யாராவது பாத்துட்டா?” என்று கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியாது.

“யாரு நோட்தாரே? ஏனூ ஆகல்ல பிடி” என்றார் சவிதா. யார் பார்க்கப்போகிறார்கள், ஒன்றும் ஆகாது விடு என்று அர்த்தம். விட்டேன்.

இனி பீர்க்கங்காய்க்கு வருகிறேன். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குழந்தையை அழைத்துப்போக வழக்கமான ஆள் வர முடியாமல் வேறு யாராவது வந்தால், அந்த வாரத்து ரகசியச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால் குழந்தை கூடப் போகும். சொல்லாவிட்டால் கத்தி ஊரைக் கூட்டும். வாரம் ஒரு காய்கறியின் பெயர். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் அடியேன். போன வாரத்துச் சொல், பீர்க்கங்காய்.

வாராவாரம் மாறுகிற சொல்லை மூன்று வீட்டுப் பெரியவர்களும் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

வெப்சைட்டில் எழுதி வைத்தோம்.

ஆமாம். டைம்டேபிளுக்குக் கீழே, குழந்தைகளின் போட்டோவுக்குப் பக்கத்தில், அழகான பச்சைக் கட்டத்துக்குள். இப்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் மூன்று வீடுகளிலும் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒருவர் கம்ப்யூட்டர் படித்தவர், இன்னொருத்தி பயப்படுவதையே தொழிலாக வைத்திருப்பவள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

புதன்கிழமை எடைப் பாடம். குழந்தைகளை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவேன். ஒரு காயைக் கையில் வாங்கி எவ்வளவு கிராம் இருக்கும் என்று ஊகிக்க வேண்டும், கடைக்காரர் தராசில் போட்டுச் சொல்வார். வியாபாரம் குறைவான நேரத்தில் போவதால் அவர்களும் முகம் சுளிப்பதில்லை. அன்று எங்கள் கூட்டத்தில் சின்னவன் ஒருத்தன் எலுமிச்சைக் கூடையைக் கவிழ்த்துவிட்டான். பழங்கள் நாலாபுறமும் ஓடின. நானும் மற்றப் பிள்ளைகளும் குனிந்து பொறுக்கினோம். நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து வாழைப்பழக் கடை வாசலில் நின்றிருந்த மதுரா அங்கே இல்லை.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? மார்க்கெட் இரைச்சல் முழுக்க எனக்குக் கேட்காமல் போய்விட்டது. பூக்கடை வரிசைப் பக்கம் ஓடுவதா, வெளிவாசலுக்கு ஓடுவதா? மிச்சம் நாலு பேரை யாரிடம் விட்டுவிட்டு ஓடுவது? ஓடவில்லை. அப்படியே நின்றேன். நின்றேன் என்பதை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்போதுதான் குங்குமக் கடையின் ஓரமாக அவர்கள் இருவரும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தோளில் பை. முகம் வெளிறிப்போயிருந்தது.

“அக்கா, பாப்பாவத் திட்டாதீங்க. தப்பு எம்மேலதான்.”

நான் மதுராவைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். “நீங்க யாரு?” என்று கேட்டது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் பெயர் ஸ்டெல்லா. நஞ்சன்கூட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவருக்கு அங்கே ஃபேக்டரியில் வேலை. ஒரே மகள் ரூத், மதுரா வயதுதான். ரூத்துக்கு அடிக்கடி ஃபிட்ஸ் வரும். ஸ்கூலில் ‘கொஞ்ச நாள் வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்க’ என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று மொபைலில் தேடியபோது எங்கள் பக்கம் கிடைத்திருக்கிறது.

“நீங்க போடற பாடத்தத்தான் ரூத்துக்கும் சொல்லித் தர்றேன்க்கா. நீங்க பின்னம் போட்டா அவளும் பின்னம். உங்க பொண்ண அவ கிளாஸ்மேட்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுவா. இன்னிக்கு மருந்து வாங்க மைசூருக்கு வந்தேன். புதன்கிழமை நீங்க இங்க இருப்பீங்கன்னு தெரியும். ஒரு தேங்க்ஸ் சொல்லலாம்னு தேடிட்டு இருந்தேன்.”

வந்த இடத்தில் மதுரா தனியாக நிற்பதைப் பார்த்திருக்கிறார். போட்டோவில் தினமும் பார்க்கிற முகம். தெரியாத ஆள் பேசினால் குழந்தை மிரண்டுவிடுமே என்று நினைத்து, எங்கள் பக்கத்தில் படித்ததையே சொல்லியிருக்கிறார். மதுராதானே, பயப்படாத, பீர்க்கங்காய்.

“சொன்னதும் என் கையப் புடிச்சுக்கிச்சுக்கா. ‘போகலாம் ஆன்ட்டி’ன்னு கூடவே நடக்குது. எங்க போறோம்னுகூடக் கேக்கல. எனக்கே பயமாயிருச்சு. நேரா உங்களத் தேடிக் கூட்டிட்டு வந்துட்டேன்.” சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

மதுரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீதானேம்மா அப்படிச் சொல்லிக்கொடுத்தே?”

நான்தான். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துகூட மாறாமல் செய்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மூன்று வீட்டாரும் சவிதா வீட்டில் கூடினோம். என் கணவர் ரகு ஒரு யோசனை சொன்னார். லாகின் எதுவும் செய்யாமல், நாம் யாரோ ஒரு திருடன் என்று வைத்துக்கொண்டு நம் பக்கத்தைப் படித்துப் பார்ப்போம். படித்தோம்.

திங்கள்கிழமை சவிதா பத்தரைக்கு வெளியே போய்விடுவார், கேட் சாவி ஷூ ரேக்கில் இருக்கும். மதுராவுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. வியாழன் வகுப்பு முடிந்து ஐந்து குழந்தைகளும் பார்க்கில் விளையாடுவார்கள், பெரியவர் ஒருவர் மட்டும் இருப்பார். பார்க்கின் மேப். எங்கள் வீட்டு வாசலில் எடுத்த பிறந்தநாள் போட்டோ, அதில் டோர் நம்பர் பளிச்சென்று. இவற்றில் பாதியை எழுதியது நான். எதுவும் மறந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் எழுதியது.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தோம். அழித்து முடித்து நான் பெருமூச்சு விட்டபோது, சவிதா ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். பலர் சேர்ந்து எழுதுகிற தளம் இல்லையா, யாராவது தப்பாக அழித்துவிட்டால் மீட்டெடுக்கப் பழைய வடிவங்கள் எல்லாவற்றையும் அது பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு பட்டனை அமுக்கினால் அழிப்பதற்கு முந்தைய பக்கம் வருகிறது. ஷூ ரேக்கும் பீர்க்கங்காயும் அப்படியே. அதற்கு முந்தைய முருங்கைக்காயும் இருக்கிறது.

மொத்த வெப்சைட்டையும் மூடிவிட்டோம். “இதுக்குள்ள யாராவது காப்பி எடுத்து வெச்சிருந்தா?” என்று கேட்டேன். இந்த முறை சவிதா ஏனூ ஆகல்ல என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை ஸ்டெல்லாவிடமிருந்து மெசேஜ். மார்க்கெட்டில் நம்பர் வாங்கியிருந்தேன். ‘அக்கா, பக்கம் தெறக்கல. ரூத் கேட்டுட்டே இருக்கா.’

என்ன பதில் போடுவது? பூட்டு போட்டுவிட்டோம் என்றா? எங்கள் குழந்தைகளின் பாதுகாப்புக்காக உங்கள் குழந்தையின் வகுப்பை இழுத்து மூடிவிட்டோம் என்றா? அவர் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அந்தப் பச்சைக் கட்டத்தில் ஏதாவது ஒரு காய் இருந்திருக்கும். ஆனாலும், உண்மையைச் சொல்கிறேன், என் மனசின் ஒரு மூலை அவரையே சந்தேகப்பட்டது. நர்ஸ் என்பதும் நஞ்சன்கூடு என்பதும் அவர் சொன்னதுதானே? பயம் வந்துவிட்டால் நன்றிகூடச் சட்டென்று வருவதில்லை.

ரகுதான் சொன்னார். “சந்தேகமா இருந்தா நேர்ல போய்ப் பாத்துட்டு வருவோம். அதுக்கெதுக்கு வெப்சைட்டு?”

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி நஞ்சன்கூட்டுக்குப் போனோம். சிறிய வீடு. ஹாலில் ஒரு மேசை, அதற்கு மேல் சுவரில் எங்கள் டைம்டேபிள், ரூத்தின் கையெழுத்தில். மெலிந்த பெண். மதுராவைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

“உனக்கு மேல் பல்லு முளைச்சிருச்சா? பல்லி வந்தா இன்னும் அழுவியா?”

மதுராவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. முதல்முறை பார்க்கிற ஒருத்திக்குத் தன்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறதே. இருவரும் அடுத்த நிமிடமே மேசைக்கடியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டெல்லா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது; எல்லாம் எங்கள் வெப்சைட்டில் படித்ததுதானே.

இப்போது புது ஏற்பாடு. பாடங்கள் ஒரு திறந்த பக்கத்தில். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் ஒரு குழந்தையின் பெயர்கூட இருக்காது, முகம் இருக்காது, கிழமையும் இடமும் இருக்காது. மற்றதெல்லாம் பூட்டிய பக்கத்தில், நேரில் பார்த்துப் பழகியவர்களுக்கு மட்டும். ஸ்டெல்லாவுக்கும் அதில் இடம் உண்டு. ரூத் எங்கள் ஆறாவது குழந்தை. என் மாமனார் பாஸ்வேர்டுக்காக மறுபடி போன் செய்ய ஆரம்பித்துவிட்டார், நானும் முணுமுணுக்காமல் சொல்கிறேன்.

ரகசியச் சொல் இனி எங்கேயும் எழுதப்படாது. வாய்வழிதான். அதோடு, யாராவது வந்து சரியான சொல்லைச் சொன்னாலும், எனக்கோ அப்பாவுக்கோ போன் போட்டுக் கேட்காமல் ஒரு அடிகூட நகரக் கூடாது என்று மதுராவிடம் சொன்னேன்.

அவள் யோசித்தாள். “அப்போ அந்த வார்த்தை எதுக்கும்மா?”

தலைக்கு எண்ணெய் வைக்கணும், வா என்று பேச்சை மாற்றினேன்.

உங்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஏதோ ஒரு குரூப், ஏதோ ஒரு பக்கம், ஏதோ ஒரு ஆல்பம் இருக்கும். இன்றைக்கு ஒரு தடவை லாகின் செய்யாமல், வேறு யாருடைய மொபைலிலாவது அதைத் திறந்து பாருங்கள். முன்பின் தெரியாத ஆளாக உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் பக்கத்தைப் படித்தவர்களில் ஒருவர் நேரில் வந்து சொன்னார். சொல்லாமல் படித்துவிட்டுப் போனவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது.