நான் விழுங்கிய வாக்கியம்

கையின் பிடிவலுவை அளக்க, எவர்சில்வர் கைப்பிடியும் வட்டமான முகப்பும் உள்ள ஒரு சின்னக் கருவி. கைப்பிடியை இறுக்கினால் முகப்புக்குள் முள் நகரும். தொண்ணூறுகளின் கடைசியில், எறணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மாடியில், அப்பா அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவார். முடிந்ததும், "எத்தனை?" என்று என் முகத்தைப் பார்ப்பார். நான் உண்மையான எண்ணோடு இரண்டைக் கூட்டிச் சொல்வேன். என் பொய்களில் அதுதான் சின்னது.

தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பாவுக்கு, மட்டாஞ்சேரித் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை. நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கித் திருக வேண்டும். அவர் கை வலுவிழப்பதை எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்தவர்கள் தெருக்காரர்கள்தான். "அண்ணாச்சி, வெள்ளம் இதுவரெ வந்நில்லல்லோ" என்று, தண்ணீர் வராத வெறுங்குடங்களோடு வந்து நின்றார்கள். சிலர் சோம்பேறி என்றும் சொன்னார்கள். சுள்ளிக்கல்லில் ஒரு டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். பல மாதம் அலைந்த பிறகுதான் அது ஏ.எல்.எஸ். என்று தெரிந்தது. தசைகளை அசைக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய். ஏன் வருகிறதென்று யாருக்கும் தெரியாது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கக்கூடிய மாத்திரை ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அந்த நோயின் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடக்கிலிருந்து வருவார். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. துறைமுகத் தீவில் ஒரு கப்பல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த எனக்குத்தான் வீட்டில் இங்கிலீஷ் தெரியும். ஒப்புதல் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "நாங்கள் ரத்தம் எடுப்போம், தசைகளில் ஊசி குத்திப் பார்ப்போம். இதனால் உங்களுக்குக் குணம் கிடைக்காது. பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படலாம்." இரண்டு முறை சொன்னார், நல்ல மனிதர். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் எந்தா சொல்றாரு?"

"எல்லா டெஸ்டும் ஒழுங்கா செஞ்சா சரியாயிடுமாம்ப்பா."

கையெழுத்துப் போட விரல் வளையவில்லை. என் கைக்குள் அவர் கையை வைத்துப் போட்டோம்.

அதன் பிறகு அந்த மூன்று மாதப் பயணம் அவருக்குத் திருவிழா. முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, படகுத்துறைக்கு அரைமணி முன்னாலேயே போய்விடுவார். முள்ளை ஏற்றிக் காட்டுவதற்காக வீட்டில் ரப்பர் பந்தை அழுத்தி அழுத்திக் களைத்துப்போவார். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

தென்காசியில் இருக்கும் அத்தையோடு, அவருடைய ஒரே தங்கையோடு, அப்பா பதினோரு வருடமாகப் பேசியதில்லை. தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள் என்ற கோபம். நோய் வந்ததும் அது கரைந்துவிட்டது. "வரச்சொல்லி எழுதட்டுமா?" என்று அம்மா கேட்டபோது அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா அந்தப் பக்கம் போனதும் என்னிடம் சொன்னார்: "இந்தக் கோலத்துல வேண்டாம். நீதானம்மா சொன்ன, சரியாகும்னு? சரியாகட்டும். நானே போயி அவ வாசல்ல நின்னு, தப்பு என்னோடதுதான்னு சொல்றேன்." அப்போது அவருக்கு நாக்கு லேசாகக் குழற ஆரம்பித்திருந்தது. அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு வருடம் கழித்து அம்மாவே கடிதம் எழுத, அத்தை வந்தாள். அதற்குள் அப்பாவின் பேச்சு முழுக்கப் போயிருந்தது. அத்தையைக் கண்டதும் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. பிறகு கண்களை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணன் என்னம்மா சொல்லுதாக?" என்று கேட்டாள் அத்தை.

எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், அவர் ஏன் இத்தனை நாள் காத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் அதே பொய்யைக் கேட்டிருந்த அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "புரியல அத்தை" என்றேன். அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் போய்விட்டார். இப்போதெல்லாம் பத்திரிகையில் அந்த நோயைப் பற்றி வருவதையெல்லாம் தேடிப் படிக்கிறேன். ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறால் நோய் வந்த சிலருக்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்களாம். டாக்டர் சொன்னதில் பொய் இல்லை. தெருவுக்கே தண்ணீர் திறந்துவிட்ட மனிதர், பின்னால் வருகிறவர்களுக்கு என்று சொல்லியிருந்தாலும் கையை நீட்டியிருப்பார். அந்தப் பெருமையையும் நான்தான் அவருக்கு இல்லாமல் செய்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அத்தை ஊருக்குக் கிளம்பியபோது, பஸ் ஸ்டாண்டில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதை, நான் மாற்றிச் சொன்னதை, தப்பு என்னோடதுதான் என்று அப்பா சொன்னதை. அத்தை அழவில்லை. என் கன்னத்தைத் தடவினாள்.

"எம் மனசு ஆறணும்னு நீயா இட்டுக்கட்டிச் சொல்லுத தாயி" என்றாள். பஸ் ஏறிப் போய்விட்டாள்.