பாவா பிளக்கைப் பிடுங்கினார்

அக்கா வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் புகுந்ததற்கு நான்தான் காரணம். யாரோ உபயோகித்துக் கழித்த லேப்டாப் அது. பேட்டரி செத்துப்போயிருந்ததால் ஒயரைப் பிளக்கில் செருகியிருக்கும்வரைதான் அதற்கு உயிர். முன்பு அதில் இருந்த சிஸ்டம் திறந்து முடிப்பதற்குள் ஒரு பானை சோறு வெந்துவிடும். நான் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைக் கொண்டுவந்து போட்டேன். சிஸ்டம் சட்டென்று திறந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மிக்சி நின்றுபோனாலும் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள்.

திருத்தணியில் மலைக்குக் கீழே இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. பின்பக்கக் கொட்டகையில் பாவாவின் நான்கு பவர்லூம் தறிகள் ஓடும். பாவா என்றால் அக்காவின் கணவர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எங்கள் குடும்பங்களில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அந்த வருடம் அவர்களுடைய ஒரே மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு நகரி பக்கம் என்பதால் பத்திரிகை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் தெலுங்கிலும் இருக்க வேண்டும். ஆடியில் பத்திரிகை அச்சடிக்கக் கூடாது, ஆனால் டைப் அடிக்கலாம் என்று அக்கா தீர்ப்புச் சொல்லியிருந்தாள். ஆவணி பிறந்ததும் மெஷினில் ஏற்ற வேண்டுமானால் ஆடிக் கிருத்திகை முடிந்து வருகிற திங்கட்கிழமை ஃபைல் கைக்கு வந்தாக வேண்டும் என்று அரக்கோணத்து அச்சகக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

டைப் அடித்தவன் நான். நாளிதழில் வேலை பார்த்தபோது விழாச் செய்திகளில் பெயர் வரிசை பார்த்துப் பழகியவன். அங்கே யார் முன்னால், யார் பின்னால் என்பதற்கு விதி உண்டு. இங்கே, யார் கடைசியாகப் போன் செய்தாரோ அவர் முன்னால். மூன்று வாரம் இப்படிப் போனது. இறந்தவர்கள் மட்டும்தான் எந்த இடத்தில் போட்டாலும் ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் பாவாவின் அண்ணன், நாங்கள் பெரிய பாவா என்று கூப்பிடுகிறவர், தன் பேரனின் பெயர் தங்கை மகன் பெயருக்குக் கீழே இருப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்யாணத்துக்கு நான் எதுக்கு? நீங்களே பண்ணிக்கோங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா இரண்டு முறை நடந்து போய், ஒரு முறை அழுது, அவரைத் திரும்ப அழைத்து வந்தாள். அதற்குப் பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பட்டியல் உருவானது. அது அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அச்சாகும்வரை ஒருவருக்கும் அனுப்பக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. பார்த்தால் திருத்தம் சொல்வார்கள்.

தமிழ்ப் பக்கம் முடிந்தது. தெலுங்குப் பக்கத்தில்தான் சிக்கல். எழுத்துக்கு அடியில் உட்கார வேண்டிய ஒட்டெழுத்துகள் பக்கத்தில் போய் நின்றன. இணையத்தில் விசாரித்தபோது, எங்களிடம் இருந்த லினக்ஸ் மிகப் பழைய பதிப்பு, புதியதற்கு மாறினால் சரியாகும் என்று பலரும் எழுதியிருந்தார்கள். பாவா நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஆடிக் கிருத்திகை. தறிகளுக்கு விடுமுறை.

"நல்ல நாளு மச்சான். பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி பட்டனை அழுத்திடு" என்றார்.

காலை ஒன்பது இருபதுக்கு அழுத்தினேன். முக்கியமான ஃபைல்களைத் தனியாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. பிழை திருத்தியே காலம் தள்ளியவன் எச்சரிக்கைகளை வாக்கியம் சரியாக இருக்கிறதா என்றுதான் படிப்பான். வாக்கியம் சரியாகவே இருந்தது. தொடர்க என்று கொடுத்தேன்.

என் போனிலிருந்துதான் லேப்டாப்புக்கு நெட். ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் நெட்டை நம்பி ஒரு காரியம் தொடங்குகிறவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. மலையேற வந்த அத்தனை பேரும் காவடியை வீடியோ எடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாற்பது நிமிடம் என்று காட்டிய திரை, ஆறு மணி நேரம் என்றது. பிறகு இரண்டு நாள் என்றது. பிறகு மறுபடி ஐம்பது நிமிடம்.

"இன்னா மச்சான், இது முன்னாடி போவுதா, பின்னாடி போவுதா?"

"ரெண்டும்தான் பாவா."

போனை மொட்டை மாடிச் சுவரில் வைத்தால் வேகம் கூடுகிறது என்று பாவா கண்டுபிடித்தார். உண்மைதான். ஆனால் வெயிலில் போன் கொதித்துப்போய்த் தானாக அணைந்தது. அதன்பின் அதற்குக் குடை வைத்தோம். மலையிலிருந்து அரோகரா சத்தம் வந்துகொண்டிருக்க, எங்கள் மாடியில் ஒரு போன் கறுப்புக் குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போட வந்து, நின்று பார்த்து, ஒன்றும் கேட்காமல் கீழே இறங்கிப் போனாள்.

இரண்டு மணி சுமாருக்கு எல்லாம் இறங்கி முடிந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் வேலையை லினக்ஸ் தானே தொடங்கியது. திரையில் வரிகள் மளமளவென்று மேலே ஓடின. பாவாவுக்கு அது பிடித்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தறியில் பாவு நூல் ஓடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். "நீ போ மச்சான், நான் பார்த்துக்கினு இருக்கேன்" என்றார் பாவா.

நான் சாம்பாரை முடித்து ரசத்துக்கு வந்திருந்தேன். பாவா சமையலறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஒரு பெருமிதம்.

"மச்சான், ஓடிக்கினே இருந்துச்சு, டக்குனு நின்னுச்சு. எர்ரர்னு ஒரு வரி வந்துச்சு. பார்த்தேன். உடனே பிளக்கைப் புடுங்கிட்டேன். ஒரு இன்ச்கூட கெட்டுப்போவல."

தறியில் நூல் அறுந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு இழையும் சேதம். முப்பது வருடமாக அவர் கை அதைத்தான் செய்துவருகிறது. லினக்ஸில் அந்த மாதிரி ஒரு வரி நூறு தடவை வந்து, அதுவே தாண்டிப் போய்விடும். நடுவில் செய்யவே கூடாத காரியம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அவர் செய்திருந்தார்.

மறுபடி செருகினேன். கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அக்கா கையில் கரண்டியோடு வந்தாள். "பத்திரிகை எங்கடா?"

"உள்ளதான் கீதுக்கா. சிஸ்டம்தான் கெட்டுப்போச்சு. ஃபைலுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

"உள்ளன்னா எங்க?"

நான் லேப்டாப்பைக் காட்டினேன். அவள் அதைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டு, "திரும்பவும் ஒருக்கா எல்லாரையும் ஒத்துக்க வைக்க என்னால ஆவாதுடா. அவரு இந்தத் தடவ செருப்ப மாட்டிக்கினு போனா வரமாட்டாரு" என்றாள்.

அவளுடைய இடது கையில் போன் இருந்தது. அதில் கே.ஜி.கண்டிகையிலிருந்து அவள் நாத்தனார், பாவாவின் தங்கை, இன்னும் லைனில் இருந்தாள். அண்ணியை அவள் தெலுங்கில் வதினா என்றுதான் கூப்பிடுவாள்.

"வதினா, பத்திரிகை அழிஞ்சிடுச்சா? கவலப்படாதீங்க. எனக்கு அப்படியே ஞாபகம் கீது. தம்பிய எழுதிக்கச் சொல்லுங்க."

எழுதிக்கொண்டேன். நாத்தனாரின் ஞாபகத்தில் அவள் கணவர் பெயர் பெரிய பாவாவின் பெயருக்கு அடுத்தபடியாக, இரண்டு பட்டங்களோடு இருந்தது. நான் டைப் அடித்ததில் ஒரு பட்டம்தான்.

தங்கை போனில் சொல்லியிருப்பாள் போல, நாலரைக்குப் பெரிய பாவாவே நேரில் வந்துவிட்டார். கூட்டத்தில் பஸ், ஆட்டோ எதுவும் ஓடாததால் நடந்தே வந்திருந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "போனா போவட்டும்மா. எனக்கு மனப்பாடம்" என்று உட்கார்ந்தார். அவருடைய மனப்பாடத்தில் பேரன் நான்கு இடம் மேலே ஏறியிருந்தான். போன மாதம் பிறந்த பேத்தியும் சேர்ந்திருந்தாள்.

"அந்தக் கொழந்தைக்கு இன்னும் பேரே வைக்கலியே ண்ணா" என்றார் பாவா.

"நீ பிளக்கைப் புடுங்கினவன். நீ பேசாத."

ராத்திரிக்குள் என் நோட்டில் மூன்று பட்டியல்கள் இருந்தன. மூன்றாவது, பாவாவுடையது. குற்ற உணர்ச்சியில் அவர் எல்லோரையும் சேர்த்திருந்தார். மூன்றிலும் பொதுவாக இருந்தவர்கள் மணமகளும் மணமகனும்தான். முகூர்த்த நேரத்தில்கூட ஒருவர் அரை மணி குறைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை என் வீட்டு அலமாரியில் தேடி, முதன்முதலில் லினக்ஸைக் கொண்டுவந்த அதே பென்டிரைவை எடுத்துக்கொண்டு போனேன். பென்டிரைவுக்குள்ளேயே ஒரு முழு லினக்ஸ் இருக்கும். லேப்டாப்பின் சொந்த சிஸ்டம் எழுந்திருக்காவிட்டாலும் இதை வைத்துக் கிளப்பி, உள்ளே இருக்கிற ஃபைல்களைப் பார்க்கலாம். பூட்டிய வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்குகிற மாதிரி.

அக்கா பிளக் பாயிண்டுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பாவா ஜன்னலோரம் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கட்டச் சொல்லவில்லை.

பென்டிரைவு எழுந்தது. உள்ளே போனேன். ஆவணங்கள் என்ற ஃபோல்டர். அதில் 'கல்யாணம் கடைசி'. பக்கத்தில் 'கல்யாணம் கடைசி உண்மையிலேயே'. இரண்டாவதைத் திறந்தேன்.

பத்திரிகை முழுசாக இருந்தது. முதல் வேலையாகப் பென்டிரைவிலேயே ஒரு பிரதி எடுத்து வைத்தேன். பாவா பெருமூச்சு விட்டார். அக்கா எழுந்து வந்து, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கணபதி துணை. பெரிய பாவா அழைக்கிறார். பாவா அவர்களின் குமாரத்தி. அங்கே விரல் நின்றது.

"நான் எங்கடா?"

நானும் பார்த்தேன். அவள் பெயர் இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"உன் நாத்தனாரு வீட்டுக்காரரு பேருல பட்டம் சேர்க்கச் சொன்னாங்கல்ல, அப்போ ஒரு வரி கூடிப்போச்சு. கடைசி வரி பக்கத்தை விட்டு வெளிய போயிடுச்சு. எங்கனா ஒரு வரி குறைக்கணும்..."

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலக்கா."

நாளிதழில் இடம் பத்தாவிட்டால் எந்த வரி போனால் யாரும் போன் செய்யமாட்டார்களோ அதைத்தான் வெட்டுவோம். அந்தப் பழக்கத்தில் வெட்டியிருக்கிறேன். கணக்கும் தப்பவில்லை. அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. நேற்று எழுதிய மூன்று பட்டியல்களையும் நோட்டில் புரட்டினேன். அவற்றிலும் அவள் இல்லை. எல்லோரையும் சேர்த்த பாவாவின் பட்டியலில்கூட இல்லை. பாவா ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா திட்டவில்லை. திரையிலிருந்து விரலை எடுத்தாள்.

"இது திரும்பக் கெடைச்சுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"நம்ம மூணு பேருக்குத்தான்."

"ஆங். என் பேரைப் போடு. இவரு பேருக்குப் பக்கத்துல, அதே சைசுல."

"வரி கூடுமேக்கா."

"அந்தப் பட்டத்தை எடு."

"கேட்டா?"

"கம்ப்யூட்டர் தின்னுடுச்சுன்னு சொல்லு. உங்க பாவா பிளக்கைப் புடுங்கினாருல்ல, அதுல போச்சு. ஏங்க, அப்படித்தானே?"

"ஆமா, அப்படித்தான்" என்றார் பாவா, திரும்பாமலேயே.

அக்காவின் பெயரைப் போட்டேன். பட்டத்தை எடுத்தேன். பக்கம் அளவாக உட்கார்ந்தது. "வேற எதுனா?" என்று கேட்டேன். அவள் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை ஆசையோடு பார்த்தாள். "போதும். ரொம்பத் தின்னா சந்தேகம் வந்துடும்" என்றாள்.

அதன்பிறகுதான் லேப்டாப்பைச் சரிசெய்யும் வேலைக்கு வந்தேன். பாதியில் விட்டதையெல்லாம் முடித்துவிடு என்று பொருள்படும் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. கொடுத்ததும் மறுபடி வரிகள் ஓடின. எர்ரர் என்று எட்டு முறை வந்தது. எட்டு முறையும் பாவா என் முகத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு லினக்ஸ் தன் புதிய முகத்தோடு எழுந்தது. தெலுங்குப் பக்கத்தைத் திறந்தேன். ஒட்டெழுத்துகள் அதனதன் இடத்தில் அடங்கி உட்கார்ந்திருந்தன. அதிலும் அக்காவின் பெயரைச் சேர்த்து, பட்டத்தை எடுத்து, இரண்டு பக்கங்களையும் பென்டிரைவுக்கு மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பாவா பார்க்க வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு ஒரு ஜாண் தூரத்தில் முகத்தை வைத்துப் படித்தார். பேரன் பழைய இடத்துக்கே இறங்கியிருந்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு, "உன் பேரு இதுக்கு முன்னாடி இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

அக்கா மோர் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"இருந்துச்சு ண்ணா. நான் பார்த்தேன்" என்றார் பாவா.

"மாப்பிள்ளையோட பட்டத்தைக் காணோமே?" மாப்பிள்ளை என்று அவர் சொன்னது தங்கையின் கணவரை.

"அது நான் புடுங்கினதுல போயிடுச்சு."

பெரிய பாவா மோரைக் குடித்தார். தங்கை வீட்டுக்காரரின் பட்டம் காணாமல் போனதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக முகத்தில் தெரியவில்லை.

"கண்டிகைக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடவா?" என்றாள் அக்கா.

"எதுக்கும்மா? கார்டு வந்தா பார்த்துக்கட்டும். அச்சுக்குக் குடுத்துடுங்க."

திங்கட்கிழமை காலை அரக்கோணம் போகும் ரயிலில் என்னோடு அக்காவும் ஏறினாள். இதற்கெல்லாம் நீ எதற்கு, நானே கொடுத்துவிட்டு வருகிறேனே என்று சொல்லிப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பென்டிரைவை என்னிடம் தரவில்லை.